உப்புத் தண்ணீரா, மருந்தா

ஜூன் 10, திங்கள்

இவர் இன்று பாத்திரம் கழுவினார். கல்யாணமான நாளிலிருந்து தான் குடித்த டம்ளரைக்கூடச் சமையலறை வரைக்கும் கொண்டுவராத மனிதர். நான் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வருவதற்குள் குழாயடியில் நின்று குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க அத்தான், நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"நீ போய் உக்காருளா. ஒனக்கு இருமல் கொறையட்டும்" என்றார். குரலில் தேன் ஒழுகியது. எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது. மின்வாரியத்தில் இருந்த காலத்தில் ஊரே இருண்டு கிடந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார் ஞானதுரை. அப்படிப்பட்டவர் காரணமில்லாமல் குக்கரைத் தொடமாட்டார்.

இருமல் ஒன்றும் பெரிதில்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை. போன மாதம் மதுரையில் நெஞ்சுக்குள் குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். பழைய டி.பி. தழும்பு மாதிரி என்று இவர் சொன்னார். டி.பி. என்றால் மாத்திரை எங்கே என்று கேட்டேன். பழசுக்கு மாத்திரை கிடையாது என்றார். பாளையங்கோட்டையில் முப்பது வருடம் பெண்பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியவளிடம் இவர் விலங்கியல் பேசுகிறார். சரி, டி.பி. இல்லை என்பது வரைக்கும் நல்லது.

ஜூன் 12, புதன்

மொட்டை மாடிக்குப் போய்ப் போன் பேசுகிறார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் ஏறி நின்று கேட்டேன். "அவகிட்ட எப்படிச் சொல்ல? நீ வந்து சொல்லு" என்றார். வீட்டை விற்கப் பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறது.

ஜூன் 15, சனி

மகள் பெனினா வந்துவிட்டாள். பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், சின்னப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, மதுரையிலிருந்து ஒற்றையாக. வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்தாள். விடவே இல்லை.

"எம்மா, கொஞ்ச நாளைக்கு நீயும் அப்பாவும் எங்கூட வந்து இருங்களேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

எனக்கா காது குத்துகிறார்கள்? என்னை மதுரைக்குக் கிளப்பிவிட்டு வீட்டைக் கைமாற்றிவிடுவார்கள். அப்பாவும் மகளும் கண்ணால் பேசிக்கொள்கிறார்கள். நான் சமையலறைக்குப் போனால் முன்னறையில் பேச்சு நின்றுபோகிறது. சாயங்காலம் பெனினா அடுப்பருகில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வெங்காயம் என்றாள். வெங்காயம் இன்னும் உரிக்காமல் கூடையில்தான் இருந்தது. நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து ரதினா அக்காவும் இன்னும் இரண்டு பேரும் ஜெபம் பண்ண வந்தார்கள். இருமலுக்கு எதற்கு மூன்று பேர் என்று நினைத்தேன். இவர் கடைக்குப் போயிருந்தார், பெனினா குளித்துக்கொண்டிருந்தாள். ரதினா அக்கா என் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, எங்க புளோரா டீச்சரோட நுரையீரல்ல இருக்க இந்தப் புத்துக் கட்டிய வேரோட புடுங்கிப் போடும் அப்பா."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். மற்றவர்கள் எல்லாரும் மூடித்தான் இருந்தார்கள். ஆமென் சொல்லும்வரை அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

முடித்த பிறகு டீ போட்டேன், பிஸ்கட் வைத்தேன்.

"எப்ப தெரியும் அக்கா ஒங்களுக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"போன ஞாயித்துக்கிழமையே பாஸ்டர் பேரச் சொல்லி ஜெபிச்சாருல்லா. ஒன் வீட்டுக்காரர்தான் எழுதிக் குடுத்தாராம். நீதான் இருமலுன்னு கோயிலுக்கு வரல."

சபை முழுக்கத் தெரியும். பாடகர் குழுவுக்குத் தெரியும். கோயில் வாசலில் முறுக்கு விற்கிறவளுக்கும் தெரிந்திருக்கும். நுரையீரலுக்குச் சொந்தக்காரிக்குத் தெரியாது.

ஜூன் 21, வெள்ளி

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. பேனா சரியில்லை.

இவரை உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் மறைத்தார். பிறகு துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார்.

"ஒங்கிட்ட சொன்னா நீ ஒடஞ்சிருவன்னு நெனச்சேன். ஆனா ஜெபம் பண்ணாம எப்படிளா இருக்கது?"

"ஆண்டவருக்கு மட்டும் சொல்லியிருக்கலாமே. அவருக்கு மைக் எதுக்கு?"

அழுதார். எனக்கு அவரைத் தேற்றத் தோன்றவில்லை. கோபம் கோபமாக வந்தது. என் உடம்பை என்னிடமிருந்தே ஒளித்துவைத்திருக்கிறார்கள். நான் வீட்டை நினைத்துச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், பைத்தியக்காரி.

பெனினாதான் மீதியைச் சொன்னாள். மதுரை ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். எடுத்த சதையில் ஆர்.என்.ஏ.வைப் பரிசோதித்ததில் என் கட்டிக்கு அது பொருந்தும் என்று வந்திருக்கிறதாம்.

"அதுல சேக்கணும்னா ஒனக்கு எல்லாம் தெரியணுமாம்மா. டாக்டர் ஒங்கிட்டதான் பேசுவாங்களாம். நாங்க கேட்டுப் பாத்தோம், அம்மாவுக்குச் சொல்லாம குடுங்கன்னு. அவுங்க எங்கள ஏசிட்டாங்க. அடுத்த வாரத்தோட ஆள் சேக்கது முடியுது."

ஆக, கட்டாயம் வந்ததால்தான் சொல்ல நினைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் டி.பி. தழும்போடேயே என்னைக் கல்லறை வரைக்கும் கூட்டிப் போயிருப்பார்கள்.

ஜூன் 25, செவ்வாய்

மதுரை. டாக்டர் வஹீதா. எங்கள் ஊர்ப் பக்கம் மேலப்பாளையத்துக்காரர். எனக்கு எதிரே உட்கார்ந்து, இவரையும் பெனினாவையும் வெளியே இருக்கச் சொன்னார். அது பிடித்திருந்தது. பிடித்ததாலேயே உஷாரானேன்.

"டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம். இதப் போர்டுல எழுதிப் போட்டே சாக்பீஸ் தீத்தவ நான். புதுசா என்ன சொல்லப் போறீங்க?" என்றேன்.

"நீங்க எழுதினதுல ஒரு ஆளு விட்டுப் போச்சு டீச்சர்" என்று சிரித்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதிவைக்கிறேன். தலைமையாசிரியை அறையை விட்டு வெளியே வருவதில்லை. அவருடைய சுற்றறிக்கையைப் பியூன் வகுப்பு வகுப்பாகக் கொண்டு போகிறார். டி.என்.ஏ.வின் உத்தரவை ஆர்.என்.ஏ. கொண்டு போவது இப்படித்தான், இதைத்தான் நான் இத்தனை வருடமும் நடத்தினேன். ஆனால் படிக்கட்டில் இன்னொரு ஆள் நிற்கிறாராம். அதுவும் ஆர்.என்.ஏ.தான், மிகச் சின்னது. எந்த உத்தரவையும் எடுத்துப் போகாது. பியூனை மடக்கி, 'இந்தச் சுற்றறிக்கை போதும், இனி வேண்டாம்' என்று கிழித்துப்போடுவதுதான் அதன் வேலை. 'வளரு, பெருகு' என்ற உத்தரவு அளவோடு நிற்பது அதனால்தான். என் கட்டியில் அந்தச் சின்ன ஆர்.என்.ஏ. ஏறக்குறைய இல்லை. படிக்கட்டு காலி. வளரு வளரு என்று சுற்றறிக்கை போய்க்கொண்டே இருக்கிறது. தொலைந்துபோன அந்த ஆளை வெளியே தயாரித்து உள்ளே அனுப்புவதுதான் புது மருந்து.

இதைக் கேட்டபோது எனக்கு இவர் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுப் படிக்கட்டிலும் ஒருவர் நின்று எனக்கு வந்த சுற்றறிக்கையை மடக்கிவைத்திருந்தார்.

மடக்கிக் கேட்பதில் நானும் குறைந்தவள் இல்லை.

"ஆர்.என்.ஏ. வெறுங்கை பட்டாலே செதஞ்சு போகும். ரத்தத்துல அத வெட்டிப் போடுத நொதி அலையுது. ஊசியில ஏத்தினா கட்டி வரைக்கும் எப்படிப் போய்ச் சேரும்?"

"கொழுப்பு உருண்டைக்குள்ள பொதிஞ்சு அனுப்புதோம். அப்பவும் முக்கால்வாசி ஈரல்லயே நின்னுரும். மிச்சம் போய்ச் சேந்தா போதுமா, போதாதான்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி. சத்தியமா எனக்குத் தெரியாது டீச்சர்."

இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறவர்களிடம் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அப்புறம்தான் இடி இறங்கியது. எல்லாருக்கும் வழக்கமான கீமோ உண்டு. அதோடு பாதிப் பேருக்கு இந்த மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போடும். எனக்கும் சொல்லமாட்டார்கள், டாக்டருக்கும் தெரியாது. கட்டி வளர்ந்தால் மட்டும் அந்த ரகசியத்தைத் திறந்து பார்ப்பார்கள். உப்புத் தண்ணீர் வாங்கியவர் என்றால் அதற்குப் பிறகு மருந்துக்கு மாற்றுவார்கள்.

"வீட்டுல மறச்சுட்டாங்கன்னு கோவத்துல வந்திருக்கேன். நீங்களும் மறைக்கப் போறீங்க. அதுக்கு நானே கையெழுத்துப் போடணுமாக்கும்?"

"ஆமா. மறைக்கப் போறோம்ன்னு ஒங்க மொகத்துக்கு நேரச் சொல்லிட்டுத்தான் மறைக்கோம்."

நல்ல பதில்தான். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 27, வியாழன்

யோசித்தேன். கையெழுத்துப் போடாவிட்டால் உப்புத் தண்ணீர்கூடக் கிடையாது. போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெனினாவின் பிள்ளைக்கு இன்னும் என் பெயர் சரியாகச் சொல்ல வரவில்லை. அது 'ஃப்ளோரா ஆச்சி' என்று தெளிவாகச் சொல்லும்வரை நான் இருந்தாக வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

முதல் தடவை. கீமோவுக்கு ஒரு பை, அதற்கப்புறம் ஆராய்ச்சிக்கு ஒரு பை. இரண்டாவது பையை மஞ்சள் உறையால் மூடியிருந்தார்கள், குழாயைக்கூட விடவில்லை. கொழுப்பு உருண்டை என்றால் பால் நிறமாகத்தானே இருக்கும்? நர்ஸ் திரும்பிய நேரத்தில் உறையை லேசாகத் தூக்கப் பார்த்தேன்.

"டீச்சர், கைய எடுங்க" என்றாள். முதுகில் கண் வைத்திருக்கிறாள்.

"பரீட்சையில பிட்டு அடிச்ச பிள்ளைகள எத்தன பேரப் பிடிச்சிருப்பா, இப்ப இவளே மாட்டிக்கிட்டா" என்று இவர் சிரித்தார். இரண்டு வாரத்துக்கு மேலாக நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. இன்று சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

ஜூலை 11, வியாழன்

வாந்தி. கஞ்சி. மறுபடி வாந்தி.

ஜூலை 30, செவ்வாய்

இரண்டாவது தடவை. பக்கத்துக் கட்டிலில் அருப்புக்கோட்டைச் செல்லத்தாய். அவளும் இதே ஆராய்ச்சியில்தான் இருக்கிறாள். மஞ்சள் உறைப் பை ஏறி அரைமணிகூட ஆகவில்லை, கட்டில் ஆடுகிற மாதிரி குளிரில் நடுங்கினாள். கம்பளி போட்டார்கள், ஊசி போட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை. சட்டமாகக் காலை நீட்டிப் படுத்திருந்தேன்.

டாக்டர் வந்ததும் கேட்டேன்.

"அவளுக்கு மருந்து, எனக்கு உப்புத் தண்ணி. அப்படித்தானே?"

"சிலருக்குக் குளிரும், சிலருக்குக் குளிராது டீச்சர். கீமோவாலயும் வரலாம்."

"இது பதில் இல்ல."

"எனக்குத் தெரிஞ்ச பதில் இதுதான்."

கணினி குலுக்கிப் போடுகிறதாம். யாராவது சிபாரிசு பிடித்திருப்பார்கள். ஆனால் செல்லத்தாயின் வீட்டுக்காரர் செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார், அவருக்கு யார் சிபாரிசு? சந்தேகம் அங்கே முட்டி நிற்கிறது. வீட்டுக்கு வந்து தெர்மாமீட்டர் வைத்தேன். காய்ச்சல் இல்லை. இன்னொரு முறை வைத்தேன். காய்ச்சல் வராதா என்று காத்திருக்கிற நோயாளி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

முடி கொட்டிவிட்டது. முக்காடு போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். எல்லாரும் நான் பார்க்காதபோது பார்த்தார்கள். நான் பார்த்ததும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மூன்றாவது தடவை. இன்றும் குளிரவில்லை. அது போகட்டும். தாழ்வாரத்தில் இவர் டாக்டரைத் தனியாக மடக்கி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டாக்டர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார், இவர் கையைக் கூப்பினார். மறுபடியும் ஏதோ என் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது.

பஸ்ஸில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன்.

"என்ன பேசினீங்க? உண்மையச் சொல்லுங்க. இந்தத் தடவ மறச்சீங்கன்னா திருமங்கலத்துலயே எறங்கிருவேன்."

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒன் பைய எனக்குக் கொஞ்சம் ஏத்திப் பாக்கச் சொன்னேன். எனக்குக் குளுருச்சுன்னா அது மருந்துதான்னு ஒனக்குத் தெரிஞ்சிரும்லா. அப்புறமாவது ஒழுங்கா ஒறங்குவ. முடியாதுன்னுட்டாவ."

திருநெல்வேலி வரும்வரை இந்த மனிதர்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவர்மேல் அன்புதான் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, இறங்கும்போது பையை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஸ்கேன் முடிவு. எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று ஏற்கெனவே கட்டளை போட்டிருந்தேன். இவரும் பெனினாவும் வெளியே நின்றார்கள். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம் வளந்திருக்கு டீச்சர்."

சரி என்றேன். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது. சுவரில் சுவாச மண்டலத்தின் படம் மாட்டியிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த அதே படம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பயந்துவிட்டேன். ஜூன் மாதத்திலிருந்தே பயந்துகொண்டுதான் இருந்தேன், எழுதவில்லை, அவ்வளவுதான்.

கதவைத் திறந்தால் இவர் டீயோடு நிற்கிறார். என் முகத்தைப் படிக்கப் பார்க்கிறார். 'கொறஞ்சிருக்காம் அத்தான்' என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்த டீயை நிம்மதியாகக் குடித்திருப்பார், பஸ்ஸில் தூங்கியிருப்பார். இரண்டு நாள், மூன்று நாள். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? அப்போதுதான் தெரிந்தது, ஜூன் மாதம் இவர் மொட்டை மாடியில் நின்று பட்ட பாடு என்னவென்று. நான் இவரை அவ்வளவு ஏசியிருக்க வேண்டாம்.

இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

"வளந்திருக்கு."

டீ கொஞ்சம் சிந்தியது. பெனினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டி வளர்ந்துவிட்டதால் என் பையில் இருந்தது என்ன என்று இனித் திறந்து பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை போனில் சொல்வார்கள். பஸ்ஸில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். பையில் இருந்தது மருந்து என்றால், மருந்து என் உடம்பில் தோற்றுவிட்டது. இனி அந்த வழியில்லை. உப்புத் தண்ணீர் என்றால் மருந்து இன்னும் என்னைத் தொடவே இல்லை. அந்த வழி மிச்சமிருக்கிறது.

யார் என்னை ஏமாற்றுகிறார்கள் என்று ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டு வந்தவள் நான். கடைக்காரன், கண்டக்டர், மகள், புருஷன், ஒருவரையும் விட்டதில்லை. இன்றைக்கு, என்னை ஏமாற்றியிருக்க வேண்டும், நன்றாக ஏமாற்றியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 18, புதன்

குடும்ப ஜெபத்தில் இன்று என் முறை.

"ஆண்டவரே, அது உப்புத் தண்ணியா இருக்கட்டும்" என்றேன்.

இவர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பெனினா ஆமென் சொன்னதும்தான் இவரும் சொன்னார். ஏன் என்று பஸ்ஸிலேயே விளக்கியிருந்தேன், தலையையும் ஆட்டியிருந்தார். ஒன்றும் ஏறவில்லை என்று இப்போது தெரிகிறது.

செப்டம்பர் 19, வியாழன்

தோசைக்கு அரைத்தேன். இருமினேன். போன் அடிக்கும்போதெல்லாம் கேஸ் கம்பெனி.

செப்டம்பர் 20, வெள்ளி

பதினொரு மணி வாக்கில் டாக்டர் கூப்பிட்டார்.

"தனியா இருக்கீங்களா டீச்சர்?"

"இல்ல. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். வீட்டுல எல்லாரும் இருக்கோம். சொல்லுங்க."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"உப்புத் தண்ணிதான் டீச்சர்."

நான் சிரித்தேன். இருமல் வந்து சிரிப்பை மறித்தது, அப்படியும் சிரித்தேன். பெனினா என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். இவருக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. போனைப் பிடுங்கப் போனார்.

"அப்பமே சொன்னாளே எம் பொண்டாட்டி! வெயில்லயும் மழையிலயும் பஸ் ஏறி வந்தவளுக்கு வெறும் உப்புத் தண்ணிய ஏத்தி அனுப்பியிருக்கியளே, ஒங்களுக்கே இது நல்லாருக்கா? ஏளா, நீ எதுக்கு இப்பச் சிரிக்க?"

"அத்தான், சத்தம் போடாதீங்க. அவுங்க மருந்த இன்னும் எனக்குப் போடவே இல்ல."

நின்றார். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபம் முகத்திலிருந்து இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்போ... மருந்து இனிமேதானா?"

"இனிமேதான்."

நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "இனிமேதான், இனிமேதான்" என்று தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அந்தப் பக்கம் பொறுமையாக இருந்தார். செவ்வாய்க்கிழமை வந்துவிடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தார்.

செவ்வாய்க்கிழமை நிஜ மருந்து. அது கட்டி வரைக்கும் போய்ச் சேருமா, சேர்ந்தாலும் வேலை செய்யுமா என்று டாக்டருக்கே தெரியாது. அதையெல்லாம் நாளைக்குச் சந்தேகப்பட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு வேண்டாம்.